ஃபிரிட்ஜ் ஊறுகாய் கலங்கினால் கொட்டிவிட வேண்டுமா?

அடுப்படி கேள்வி-பதில்

வெள்ளரிப்பிஞ்சும் கேரட்டும் போட்டு ஃபிரிட்ஜில் வைத்த வினிகர் ஊறுகாய், மறுநாளே கழுநீர் மாதிரி ஆகிவிட்டது. சாப்பிடலாமா?
வாசகி, தொண்டி

எப்போது கலங்கியது என்பதுதான் கணக்கு. போட்ட மறுநாளே என்றால் காய் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. உப்பையோ தண்ணீரையோதான் சந்தேகப்பட வேண்டும். தூள் உப்பு கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கிற பொருள் முழுதாகக் கரையாது, வெள்ளையாக மிதக்கும். அது கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். வாலிநோக்கம் பக்கத்துக் கல் உப்பே போதும். ஆனால் அதில் மண் இருக்கும். வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டிச் சேருங்கள்.

தண்ணீர் இன்னொரு தொல்லை. நம் கரையோரத்து ஆழ்குழாய் நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதல்லவா, அதேதான் ஜாடிக்குள்ளும் நடக்கிறது. இரும்புச் சத்து உள்ள நீர் என்றால் காயும் கறுத்துப்போகும். காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி, ஆறவிட்டு, தெளிந்ததை இறுத்தால் கடினத்தன்மை குறையும், உவர்ப்பு போகாது.

நாலைந்து நாள் தெளிவாக இருந்துவிட்டு அதன்பின் கலங்கி, நுரைத்து, காய் கொழகொழத்தால் கதை வேறு. ருசி பார்க்கக்கூட வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அது சரியான அளவா?
வாசகர், ராமநாதபுரம்

அவர்கள் கையிலிருக்கும் வினிகருக்குச் சரி. வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் 5 சதவீதப் புளிப்புள்ள வினிகரை வைத்து எழுதப்பட்டவை. நம் கடைகளில் அதிகம் கிடைப்பது 4 சதவீதம், லேபிளைப் பாருங்கள். அதில் சரிபாதி தண்ணீர் ஊற்றினால் புளிப்பு 2 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 250 மி.லி. வினிகருக்கு 150 மி.லி. தண்ணீர் என்றால் 2.5 சதவீதம் நிற்கும். அந்தக் குறிப்புகள் தரும் புளிப்பும் அதேதான்.

இந்த 400 மி.லி.க்கு உப்பு 12 கிராம், சர்க்கரை 15 கிராம், கடுகு ஒரு டீஸ்பூன், மிளகு பத்து. உப்பைக் கரண்டியால் அளக்காதீர்கள். கல் உப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை. தராசில் நிறுத்துப் போடுங்கள். நறுக்கிய காய் 350 கிராம் வரை இதற்குத் தாங்கும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் உப்பும் சர்க்கரையும் கரையும்வரை கொதிக்கவிட வேண்டும். அலுமினியம், பித்தளை, செம்பு கூடவே கூடாது. வினிகர் உலோகத்தை அரித்து ஊறுகாயில் சேர்த்துவிடும். கேரட், முள்ளங்கிக்குச் சூடாகவே ஊற்றலாம். ஜாடியை முதலில் வெந்நீரில் அலசிச் சூடேற்றிக்கொள்ளாவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். வெள்ளரிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் ஆறவைத்து ஊற்றினால்தான் மொறுமொறுப்பு நிற்கும். வெள்ளரிப்பிஞ்சின் பூ முனையை ஒரு நூலளவு சீவி எறியுங்கள்; காயைக் குழையவைக்கும் நொதி அங்கேதான் இருக்கிறது. காய் முழுதும் நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும்.

காலையில் போட்ட வெங்காயம் மதியப் பிரியாணிக்கே ஆகிவிடும். வெள்ளரிக்கு ஒரு நாள், கேரட்டுக்கு இரண்டு மூன்று நாள். வெள்ளரியை இரண்டு வாரத்துக்குள்ளும் மற்றதை ஒரு மாதத்துக்குள்ளும் முடித்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஆவக்காய் போல வெளியே வைக்கிற பண்டம் இல்லை இது. அதில் உப்பும் எண்ணெயும் செய்கிற காவலில் பாதியை இங்கே குளிர்ச்சிதான் செய்கிறது.

குண்டு மிளகாயைப் பழமாகவே இப்படிப் போட்டேன். மேலே மிதந்து, காம்பருகில் பூஞ்சை பிடித்துவிட்டது.
வாசகி, முதுகுளத்தூர்

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் முண்டு மிளகாய்க்கு, அதாவது இந்தக் குண்டு மிளகாய்க்குத் தோல் தடிமன், வயிறு காலி. உள்ளே காற்று அடைத்திருப்பதால் மிதக்கும்; நீருக்கு வெளியே நிற்கிற இடத்தில் பூஞ்சை பிடிக்கும். காம்பைக் கிள்ளி, பக்கவாட்டில் ஒரு கீறல் போட்டு, நீருக்குள் வைத்து அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மேலே ஒரு கேரட் வில்லையைக் குறுக்காகச் செருகினால் எழும்பாது. பூஞ்சை வந்த ஜாடியில் மேலாக மட்டும் வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம்.

பூண்டு நீலமாகிவிட்டது. விஷமா?
வாசகி, கீழக்கரை

இல்லை. பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்போடு சேரும்போது வரும் நிறம் அது. தாராளமாகச் சாப்பிடலாம்.

இதே நீரில் இறாலைப் போட்டு வைக்கலாமா?
வாசகர், பாம்பன்

வேண்டாம். இந்த அளவு காய்க்குக் கணக்கிட்டது. இறால் ஊறுகாய்க்கு நீர் சுண்ட வதக்குவதிலிருந்து எல்லாமே வேறு முறை, தனியாக எழுதுகிறோம்.

உப்புக் காற்றில் ஜாடி மூடி துருப்பிடிக்கிறது. மின்சாரமும் அடிக்கடி போகிறது. என்ன செய்ய?
வாசகி, மண்டபம்

பிளாஸ்டிக் மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்கு மாறிவிடுங்கள். தகர மூடிதான் இருக்கிறது என்றால் இடையில் பட்டர் பேப்பர் ஒன்றை வைத்து மூடுங்கள். துரு உதிர்ந்து உள்ளே விழுந்துவிட்டால் அந்த ஜாடி வேண்டாம். மின்வெட்டில் கதவைத் திறக்காதவரை ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். மேலே சொன்ன அளவில் போட்ட ஊறுகாய் ஓரிரவையும் சமாளிக்கும், மொறுமொறுப்பு கொஞ்சம் போகும். பக்கத்துத் தட்டிலிருக்கும் மீனைத்தான் முதலில் பாருங்கள்.