தரையிலிருந்து எழ முடியவில்லை. வைட்டமின் டி குறைவுதான் காரணமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சில மாதங்களாகத் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. மாடிப்படி ஏறினால் தொடை ஓய்ந்துபோகிறது. வைட்டமின் டி 8 என்று வந்ததால், வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜிம்முக்குப் போகும் என் மகன், தசை ஏற அதையே தானும் சாப்பிடலாமா என்கிறான்.

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வைட்டமின் டி பற்றாக்குறைக்கு நன்றாகவே பொருந்துகின்றன. 20-க்குக் கீழே போனாலே குறைவு. 8 என்பது கடுமையான குறைவு. இடுப்பு, தொடைத் தசைகள்தான் இதில் முதலில் தளரும். சட்டென்று எழவும், தடுமாறும்போது காலை ஊன்றிச் சமாளிக்கவும் உதவுகிற வேகமான தசை இழைகள் மெலிந்துபோகின்றன. கால்சியமும் பாஸ்பரஸும் குறைந்தால் பலவீனம் இன்னும் கூடும். மாத்திரை எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்கள், மாதங்களில் பலம் திரும்பிவிடுகிறது. அதனால் பயப்படாதீர்கள்.

ஆனால் ஒன்று: வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான். அதைத் தினமும் போட்டுக்கொண்டு, ரத்தத்தில் கால்சியம் எகிறி, வாந்தியும் அடங்காத தாகமும் மலச்சிக்கலுமாக வருகிறவர்கள் உண்டு. சிறுநீரகமே பாதிக்கப்படலாம். பால், முட்டை என்று கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடுங்கள். எழுதிக் கொடுத்த வாரங்கள் முடிந்ததும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கல் வந்ததுண்டா? இப்போதே சொல்லிவிடுங்கள். தைராய்டு பார்க்கவில்லை என்றால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தால் அதையும் சொல்லுங்கள்; இவையும் தசையைத் தளர்த்தும்.

சரி, மகன் விஷயம். அளவு போதுமானதாக இருப்பவருக்குக் கூடுதல் வைட்டமின் டி தசையை வளர்ப்பதில்லை. அளவுக்கு மீறினால் கெடுதலும் வரலாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வெளியானபோது, மாத்திரை எடுத்தவர்கள்தான் அதிகம் விழுந்து, எலும்பையும் அதிகம் முறித்துக்கொண்டிருந்தார்கள். மகனுக்குச் சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தத்தில் அளவைப் பார்க்கட்டும். தசைக்கு எடைப் பயிற்சியும் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதமும்தான் வேண்டும்.

உங்களுக்கும் பயிற்சி அவசியம். கொஞ்சம் தெம்பு வந்ததும், உறுதியான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முதலில் ஐந்தாறு தடவை போதும். பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.