காணி உறுதி தொலைந்த குடும்பம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அப்பாவின் ஊர் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை. 1990-இல் ஊரைவிட்டுக் கிளம்பி, 1996-இல் படகேறி வந்து தமிழ்நாட்டு முகாமில் இருக்கிறோம். இராணுவத்திடம் இருந்த எங்கள் காணி விடுவிக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். காணியின் உறுதி (உரிமைப் பத்திரம்) கையில் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அப்பாவை உட்காரவைத்து, எப்போது எந்த ஊரில் இருந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுதுங்கள். போர் ஒரு குடும்பத்தை ஒரே மூச்சில் கடல் கடக்க வைப்பதில்லை. 1990 ஜூனில் உங்கள் ஊர் அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்கள், சண்டை ஓய்ந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பிச் சில மைல் தள்ளி உறவினர் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்கினார்கள். 1995 அக்டோபர் 30 இரவு, லட்சக்கணக்கானோர் யாழ்ப்பாண நகரப் பக்கமிருந்து நாவற்குழிப் பாலம் வழியாகக் குடாநாட்டின் கிழக்கே தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பலர் திரும்ப, குடாநாட்டுக்குத் தெற்கே வன்னிக்குப் போனவர்களில் சிலர் அங்கும் ஷெல் விழவே மன்னார்க் கரையில் படகேறினார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒரு தாள் மிஞ்சியிருக்கும்: நிவாரண அட்டை, பள்ளி விடுகைப் பத்திரம், மண்டபம் முகாம் பதிவு. காணியை நீங்களாகக் கைவிடவில்லை என்பதற்கு இவையே சாட்சி.

உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதியின் இலக்கம் நினைவில்லாவிட்டால் காணியின் பெயர், எத்தனை பரப்பு (யாழ்ப்பாண நில அளவு), நான்கு எல்லைகளிலும் யார் யார் என்று குறித்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள். எல்லைக்காரர்களை எப்படியாவது கண்டுபிடியுங்கள். இன்று டொராண்டோவில் இருக்கும் அயலவரின் உறுதியில், எல்லையாக உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கலாம்.

10 ஆண்டு அனுபவித்தவருக்கே காணி என்று சொல்லிப் பலரைப் பயமுறுத்துகிறார்கள். உங்கள் அனுமதியோடு குடியிருந்தவருக்கு அந்த விதி எளிதில் பொருந்தாது. இராணுவ வேலிக்குள் இருந்த ஆண்டுகளில் வேறு எவரும் அங்கே குடியிருந்திருக்கவும் முடியாது. இதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

விடுவிப்பு துண்டு துண்டாகவே நடக்கிறது. பக்கத்து ஒழுங்கை (சந்து) திறந்திருக்கும், உங்கள் காணி இன்னும் வேலிக்குள் இருக்கும். தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஊரில் உள்ள உறவினருக்கு அற்றோனித் தத்துவம் (உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதானால் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தை அணுகுங்கள். பிரதி எடுக்க, அளக்க, பதிய மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை உடன்பிறந்தவருக்குக்கூட எழுதிக் கொடுக்காதீர்கள். அப்பா நலமாக இருக்கும்போதே, அவர் சொல்வதையெல்லாம் சத்தியக் கடதாசியாக்கி (பிரமாணப் பத்திரம்) கையொப்பம் வாங்கிவிடுங்கள்.