மீசை அரும்பிய பிள்ளைக்கு மிட்டாய்ப் பையா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அப்பாவைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். வரும் அக்டோபர் 31 அன்று, ஹாலோவீன் இரவில், நண்பர்களுடன் வேடமிட்டு, வீட்டு வாசல்களில் மிட்டாய் கேட்கும் ‘டிரிக் ஆர் டிரீட்’ போக வேண்டும் என்கிறான். ‘தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை வீடு வீடாகப் போய்ப் பையை நீட்டுவது நமக்கு அழகா?’ என்று என் கணவர் கோபிக்கிறார். நான் என்ன முடிவெடுப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகட்டும் என்பதே என் கருத்து, சகோதரி. ஆனால் நீங்கள் வசிப்பது வர்ஜீனியா என்பதால், அனுமதி கொடுப்பதற்கு முன் உங்கள் ஊரின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அம்மாநிலத்தின் செசபீக் நகரில் 1970-இல் இயற்றப்பட்ட விதி, 12 வயதைத் தாண்டியவர்கள் மிட்டாய் கேட்டு வீடு வீடாகச் செல்வதைக் குற்றமாக்கியது. அபராதத்தோடு ஆறு மாதம் வரை சிறையில் அடைக்கவும் அதில் இடமிருந்தது. 2018-இல் இந்தச் செய்தி நாடெங்கும் பரவிப் பலரும் கேலி பேசிய பிறகு, 2019-இல் நகர மன்றம் வயது வரம்பை 14 ஆக உயர்த்தி, சிறைத்தண்டனையையும் நீக்கியது. கனடாவின் பாத்தர்ஸ்ட் நகரம் 2017-இல் இதே வரம்பை 14-இலிருந்து 16 ஆக்கியது. பெரும்பாலான அமெரிக்க ஊர்களில் இப்படிப்பட்ட வயது வரம்பே கிடையாது. வர்ஜீனியாவில் 16 வயதைக் கடந்தவர்கள் அடையாளத்தை மறைக்கும் நோக்கில் பொது இடத்தில் முகமூடி அணிவதற்குத் தடை உண்டு என்றாலும், பண்டிகை வேடத்துக்கு அந்தச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

உங்கள் கணவரின் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்நியர் வாசலில் நின்று கையேந்தக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இந்த வழக்கம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் அன்றிரவு எரியும் வாசல் விளக்கு ஓர் அழைப்பு. விளக்கெரியும் வீட்டுக்காரர் பல நாட்களுக்கு முன்பே மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டு, யார் வருவார்கள் என்று காத்திருப்பவர். விருப்பமில்லாதவர் விளக்கை அணைத்துவிடுகிறார். அழைத்த வீட்டுக்குப் போவதில் மானக்கேடு எதுவும் இல்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். இந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்றான பழைய இங்கிலாந்து மரபில், இறந்தவர்களின் ஆன்மாவுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொல்லி வீடு வீடாகச் சென்று பணியாரம் வாங்கியவர்களில் வயது வந்த ஏழைகளும் இருந்தார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வேடமிட்டு வந்த பிள்ளைகள் ஒரு பாட்டோ கவிதையோ சொல்லிவிட்டுத்தான் ஆப்பிளையும் கொட்டைகளையும் பெற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹாலோவீன் என்றால் வளர்ந்த பையன்களின் அட்டகாசம் என்றே பொருள்: வேலிக் கதவைக் கழற்றிச் செல்வது, ஜன்னல் கண்ணாடியில் சோப்பைத் தேய்ப்பது, அத்துமீறிய சில இடங்களில் தீ வைப்பது. அந்தச் சக்தியைத் திசைதிருப்பத்தான் 1930-களில் பல ஊர்களில் விருந்துகளும் ஊர்வலங்களும் நடத்தப்பட்டன. வேடமிட்டு இனிப்புக் கேட்கும் வழக்கம் பரவியதும் அந்தக் காலத்தில்தான். இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரைக்கு ரேஷன் வந்ததால் அது தேய்ந்து, போருக்குப் பிறகு மீண்டும் தழைத்தது. உங்கள் மகன் வயதுப் பையன்களைக் குறும்பிலிருந்து விலக்கவும் பயன்பட்ட ஒரு வழக்கத்திலிருந்து அதே வயதுப் பையன்களை விரட்டுவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

பதினைந்து வயதில் ஒருவன் தெருவில் நடந்து, நண்பர்களோடு சிரித்து, ஒன்பது மணிக்குள் வீடு திரும்பும் பொழுதுபோக்கைத் தானாகவே தேர்ந்தெடுக்கிறான் என்றால், பெற்றோர் அதற்காக மகிழ வேண்டும். ‘நீ பெரியவனாகிவிட்டாய்’ என்று தடுக்கப்பட்ட பையன் அன்றிரவு பாடப்புத்தகத்தை விரித்து உட்காரப் போவதில்லை. பெரியவர்கள் யாரும் இல்லாத ஏதோ ஒரு வீட்டு விருந்துக்கும் அவன் போகக்கூடும்.

அனுமதியோடு சில நிபந்தனைகளையும் சொல்லுங்கள். முதலாவது, வேடம். பள்ளிக்குப் போன அதே சட்டையுடன் தலையணை உறையை நீட்டும் பையனைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். பழைய அட்டைப்பெட்டியை வெட்டிச் சாயம் பூசி, அதற்குள் புகுந்து ரோபோவாக வருகிற ஆறடிப் பையனைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே இன்னொரு மிட்டாய் போடுகிறார்கள். படியில் சிறுகுழந்தை நின்றால் அது இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு ரத்தம் வழியும் முகமூடி வேடிக்கை அல்ல. நன்றி சொல்லாமல் நகரக் கூடாது. வேடம் கறுப்பு நிறமென்றால் அதில் ஒளிரும் பட்டை ஒட்டியே ஆக வேண்டும். ஹாலோவீன் மாலையில் கார் மோதிப் பாதசாரிகள் இறக்கும் ஆபத்து அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று, அமெரிக்க விபத்துப் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. அடுத்த ஆண்டு அவனாகவே போக விரும்பாமல் இருக்கலாம். அந்த முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மிட்டாய் கேட்டு வருபவர்களில் சிலருக்குக் குரலே உடைந்திருக்கிறது. வயதைக் கேட்டுத் திருப்பி அனுப்பலாமா?

– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: கேட்காதீர்கள். உயரத்தை வைத்து வயதைக் கணிப்பது ஏமாற்றும் வேலை. பதினொரு வயதிலேயே ஓங்கி வளர்ந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கும். வேடம் போடாமல், வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்பவன், வேடத் துணியின் உறுத்தலைத் தாங்க முடியாத ஆட்டிசம் கொண்ட பிள்ளையாகவும் இருக்கலாம். கை நிறைய அள்ளுகிறார்கள் என்பதுதான் உங்கள் வருத்தமென்றால், கிண்ணத்தை நீட்டாமல், நீங்களே ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போடுங்கள்.