இடைவெளி யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அளவைக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் துறையும் இன்னொரு துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய இரண்டு யோசனைகளை எழுதி என் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். ‘இதெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதுதானே’ என்று திருப்பித் தந்துவிட்டார். இப்போது நிர்வாகம் தனியாகப் புதுமைப் பிரிவு ஒன்று தொடங்குகிறது. பெரிய நிறுவனத்தில் புதிதாக எதுவும் முளைக்காது, சின்ன இடத்துக்குப் போய்விடு என்கிறார்கள் நண்பர்கள். எனக்குத்தான் திறமை போதவில்லையோ என்றும் தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

ர.

அன்புள்ள ர.,

திறமை பற்றிய அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். 11 ஆண்டு ஒரே கருவியோடு புழங்கியவர் தன்னையே சந்தேகிப்பதைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது.

பெரியதா சின்னதா என்ற வாதத்தை விட்டுவிடலாம். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு உறுப்பான டிரான்சிஸ்டர் 1947ல் பெல் ஆய்வகம் என்ற மாபெரும் அமைப்பில் பிறந்தது. அதைச் சிலிக்கான் பரப்பில் தட்டையாக உருவாக்கும் பிளேனார் முறை 1959ல் ஃபேர்சைல்ட் என்ற இளம் நிறுவனத்தில் வந்தது. ஆள்கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆனால் ‘ஏற்கெனவே இருப்பதுதானே’ என்ற வாக்கியம் இருக்கிறதே, சில நாட்களாக என் மண்டையைக் குடைவது அதுதான்.

சிலிக்கான் வேஃபர் என்ற மெல்லிய தகட்டில் மின்சுற்றைப் பதிக்க, சுற்றின் வடிவம் கொண்ட மாஸ்க்கை அதன்மேல் பொருத்தி ஒளி பாய்ச்சுவார்கள். 1970களின் தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்தவை தொடு இயந்திரங்கள். நேராகப் பொருத்தும்போது மட்டும் மாஸ்க் சற்று விலகியிருக்கும். ஒளி பாயும்போது வேஃபரோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டி ஒட்டி மாஸ்க் கீறிப்போகும். ஒளி பாயும்போதும் தலைமுடித் தடிமனைவிடக் குறைந்த ஓர் இடைவெளி விட்டால் மாஸ்க் பிழைக்கும். தொடு இயந்திரச் சந்தையில் கிட்டத்தட்டப் பாதியை வைத்திருந்த கேஸ்பர் நிறுவனம்தான், 1973ல் அந்த வசதியை முதலில் சேர்த்தது. ஆனால் வென்றது பின்னால் வந்த கேனான். கேஸ்பர் 1981ல் தொழிலை விட்டே விலகியது.

தொடு இயந்திரத்தில் இடைவெளி ஒரு துணைவேலை. சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முன்பின் இருந்தாலும் ஒட்டும்போது சரியாகிவிடும். இடைவெளியோடே ஒளி பாய்ச்சினால் கதை வேறு. மாஸ்க்கின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், இடைவெளி மாறினால் பதியும் கோட்டின் அகலமும் மாறும். இடைவெளியை அமைக்கும் பொறியையும் நேர்பொருத்தும் பொறியையும் ஒளியமைப்பையும் இனி ஒன்றாகக் கணக்கிட்டாக வேண்டும். உறுப்புகள் பழையவைதான், அவற்றுக்கிடையேயான உறவு புதிது. துல்லியம் போதவில்லை என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டபோது, அவர்கள் பதிக்கும் முறையில்தான் பிழை என்றார்கள் கேஸ்பர் பொறியாளர்கள். கேனான் இயந்திரத்தை ஆராய்ந்துவிட்டு, நம்முடையதன் நகல் என்று அறிக்கை கொடுத்தார்கள். மேலாண்மை ஆய்வாளர்களான ரெபெக்கா ஹெண்டர்சனும் கிம் கிளார்க்கும் 1990ல் இதைத் துருவி எழுதியிருக்கிறார்கள்.

முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரே இயந்திரத்தைப் பல ஆண்டு செய்யும் இடத்தில், யார் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது படிந்துவிடும். உறுப்புக்கு ஒரு துறை, துறைக்கு ஒரு படிவம். அதனால்தான் வேலை வேகமாக நடக்கிறது. கேட்காமலே தீர்ந்துவரும் விஷயம் மெல்லக் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது.

உங்கள்மேல் எனக்குக் கோபமும் உண்டு. இரண்டு துறைகளுக்கு நடுவே கிடக்கும் யோசனையை ஒரு துறைத்தலைவரிடம் மட்டும் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? தன் பங்கை மட்டும் பார்ப்பார். அது அவரிடம் ஏற்கெனவே இருக்கத்தான் செய்யும். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மனமுடைந்து உட்கார்ந்திருப்பது பொறியாளருக்கு அழகல்ல.

புகார்ப் பதிவேட்டில் கடைசி 2 ஆண்டுகளை எடுங்கள். ‘பயன்படுத்தியவர் தவறு’ என்று மூடப்பட்டவற்றை மட்டும் தனியே பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் எந்த இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தில் தொல்லை என்று குறியுங்கள். ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தின் டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்ற வரம்பு, எந்த வரைபடத்தில், யார் கையெழுத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டு வரைபடங்களில் இரண்டு விதமாக இருக்கலாம். எதிலுமே இல்லாமலும் இருக்கலாம். அந்த இடத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்கச் சொல்லி, இரு துறைத்தலைவர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்.

இந்த எல்லைக்கோடுகள்தான் பிறகு தொழில்துறையின் வடிவமாகவும் ஆகின்றன. ஐபிஎம் 1964ல் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசையில் பாகங்கள் இணையும் விதிகள் தெளிவாக வகுக்கப்பட்டிருந்தன. அந்தக் கோட்டின் வழியே வெளியேறிய பொறியாளர்கள், அதோடு பொருந்தும், தரவைச் சேமிக்கும் டிஸ்க் கருவிகளைத் தனி நிறுவனங்களில் செய்தார்கள். 1987ல் டிஎஸ்எம்சி என்ற தைவான் நிறுவனம் தொடங்கி, பிறர் வடிவமைத்த சிப்களைச் செய்துகொடுப்பது மட்டுமே தன் வேலை என்றபின், ஆலையே இல்லாத சிப் நிறுவனங்கள் பெருகின. குழம்பிக் கிடக்கும் எல்லையில் இப்படிப் பிரிய முடியாது.

புதுமைப் பிரிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெராக்ஸ் 1970ல் பார்க் ஆய்வகத்தைத் தனியே அமைத்தது. அங்கு உருவான லேசர் பிரிண்டரை நகலெடுக்கும் இயந்திரம் விற்றவர்களால் விற்க முடிந்தது. 1973ன் ஆல்டோ கணினியை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. சேருவதற்கு முன், அந்தப் பிரிவு செய்வதை எந்தத் துறை வாங்கிக்கொள்ளும் என்று கேளுங்கள்.

பட்டியலைத் தயாரித்துவிட்டு எழுதுங்கள். எந்த ஜோடி அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்து.