நாஸ் உங்களுடையது, அட்மின் பாஸ்வேர்டு யாருடையது? – நுகர்வோர் கேள்வி-பதில்

வீட்டு ரவுட்டரில் மாட்டி, வீட்டில் உள்ள எல்லோரும் போட்டோ, வீடியோ, கணக்கு என்று போட்டுவைக்கும் ஸ்டோரேஜ் பெட்டி இருக்கிறதே, நாஸ், இந்த முறை அதைப் பற்றித்தான் கடிதங்கள் அதிகம். வாளையாரிலிருந்து கோவிந்தாபுரம் வரை தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு, கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வாங்கி வந்தவர்கள்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கிவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: கல்யாண போட்டோ எடுக்கும் சின்ன ஸ்டுடியோ என்னுடையது. கோவையில் ஒரு கடையில் இரண்டு டிஸ்க் போடும் சினாலஜி கம்பெனி நாஸ் வாங்கினேன், கடைக்காரப் பையனே வந்து செட்டப் செய்தார். எனக்கும் உதவியாளருக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு. வேலையை விட்டுப் போன அந்த உதவியாளர் இன்னும் வெளியிலிருந்து ஃபோல்டரைத் திறக்கிறார். பாஸ்வேர்டை மாற்றலாம் என்று அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டால், "அதை கஸ்டமருக்குத் தருவதில்லை சார், ஒவ்வொரு தடவை ஆள் வருவதற்கும் 1500 ரூபாய், கேரளா என்றால் இன்னும் 500" என்கிறார்கள். – கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இது கடையின் வழக்கம் என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் முழுப் பணம் கொடுத்தவர் நீங்கள். அந்தப் பெட்டிக்குள் யார் வரலாம், யார் எதை அழிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் எப்படி கடையில் தங்கியது?

முதலில் பெட்டியை உங்கள் கைக்குக் கொண்டுவருவோம். இப்போது இருக்கும் யூசரில் நுழைந்து முக்கியமான ஆல்பங்களை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவையுங்கள். அப்புறம் பெட்டியின் பின்பக்கம் ரீசெட் என்று ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பேப்பர் கிளிப்பை நுழைத்து சுமார் 4 விநாடி, ஒரு பீப் கேட்கும்வரை அழுத்திவிட்டு எடுத்துவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டும் நெட்வொர்க் செட்டிங்கும் பழைய நிலைக்குப் போகும், உள்ளே இருக்கும் பைல்களுக்கு ஒன்றும் ஆகாது. பீப் வந்த பிறகு மறுபடி அழுத்தாதீர்கள், அது மென்பொருளையே திரும்ப நிறுவும் வழி. வேறு கம்பெனி பெட்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம், எத்தனை விநாடி என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

உள்ளே போனதும் புதிதாக ஒரு பெயரில் உங்களுக்கு அட்மின் கணக்கு உருவாக்குங்கள், 'அட்மின்' என்ற பெயரிலேயே இருக்கும் பழைய கணக்கை முடக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கடைக்காரர் தனக்கென்று ஒன்று வைத்திருந்தால் அதையும் முடக்குங்கள். அந்தப் பழைய பொதுக் கணக்கையும் விட்டுவைக்காதீர்கள், உதவியாளர் உள்ளே வருவது அதன் வழியாகத்தான். இனி ஆளுக்கு ஒரு கணக்கு. புது உதவியாளருக்கு 'நடப்பு வேலை' ஃபோல்டரில் மட்டும் ரீட்/ரைட் (பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம்), முடிந்த ஆல்பங்களில் ரீட் ஒன்லி (பார்க்க மட்டும்), பணக் கணக்கு ஃபோல்டர் அவர் கண்ணிலேயே பட வேண்டாம். அவர் வேலையை விட்டால் அந்த ஒரு கணக்கை முடக்கினால் போதும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால், ஒரு ஆல்பம் காணாமல் போன அன்று, யார் என்ன செய்தார் என்று பெட்டி குறித்துவைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தாலும் யார் அழித்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம், காரணம் இருக்கிறது. வீட்டுக்கு சிசிடிவி ரெக்கார்டர் வாங்கினேன். மாட்டிய ஆள் அட்மின் பாஸ்வேர்டை "அப்புறம் தருகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பிறகு போனையே எடுக்கவில்லை. நல்ல நிலையில் இருந்த பெட்டி உபயோகமில்லாமல் போயிற்று. நாஸ், ரெக்கார்டர், ரவுட்டர் மூன்றிலும் இதே கதைதான் நடக்கிறது. செட்டப் செய்து தருகிறேன் என்று வரும் ஆள் பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்று எல்லா ஃபோல்டருக்கும் எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டைத் தன் போனில் குறித்துக்கொண்டு போய்விடுகிறார். அனுமதிகளைச் சரியாகப் பிரித்துத் தருவதும் நீங்கள் காசு கொடுத்த வேலையில் சேர்ந்ததுதான். அட்மின் பாஸ்வேர்டை உங்கள் கையால் நீங்களே டைப் செய்து, கடை ஆள் முன்னாலேயே ஒரு தடவை நுழைந்து பார்த்த பிறகுதான் மிச்சப் பணத்தைக் கொடுக்க வேண்டும். இதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள், முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

சட்டத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11), தேவையான தகவலைத் தெரிந்தே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. ஸ்டுடியோ என்பதால் "வியாபாரத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று கடைக்காரர் வாதாடுவார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியதற்கு அதே சட்டம் விலக்கு தருகிறது. கோவையில் வாங்கினாலும் கோவைக்கு அலைய வேண்டாம், பிரிவு 34இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். 1500 கேட்டதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சொல்ல வைத்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு போன், ஒரு லேப்டாப். நாஸ் வாங்கலாமா? – மீனாட்சிபுரம்

பதில்: வேண்டாம். போர்ட்டபிள் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒரே காப்பியை இரண்டிலும் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கேள்வி: பையன் அக்கவுண்டுக்கு வீடியோ ஃபோல்டரில் ரீட்/ரைட் டிக் செய்துவிட்டேன். இருந்தும் திறக்க மாட்டேன் என்கிறது. எனக்கே இப்போது திறக்கவில்லை! இதுவும் சினாலஜிதான். – சித்தூர்

பதில்: 'யூசர்ஸ்' குழுவுக்கு நோ ஆக்சஸ், அதாவது நுழையவே முடியாது என்ற கட்டத்தில் டிக் செய்திருப்பீர்கள். பெட்டியில் உள்ள ஒவ்வொரு கணக்கும் அந்தக் குழுவில் தானாகவே சேர்ந்துவிடும், உங்களுடையதும்தான். தனி ஆளுக்கு ஒரு அனுமதி, அவர் இருக்கும் குழுவுக்கு வேறு அனுமதி என்று மோதினால், சினாலஜியில் நோ ஆக்சஸ்தான் ஜெயிக்கும், அடுத்தது ரீட்/ரைட், கடைசியில் ரீட் ஒன்லி. அந்தக் குழு வரிசையில் எந்தக் கட்டத்திலும் டிக் இல்லாமல் விட்டுவிடுங்கள். டிக் இல்லாவிட்டாலே அனுமதி கிடையாது, ஆனால் பையனுக்குத் தனியாகக் கொடுத்தால் அது வேலை செய்யும். நோ ஆக்சஸை ஒரு குறிப்பிட்ட ஆளை நிச்சயமாகத் தடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாந்தோப்புக் கணக்கெல்லாம் பழைய நாஸில் இருக்கிறது. புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 ப்ரோ, அதில் அந்த ஃபோல்டர் திறக்கவில்லை. பழைய லேப்டாப்பில் பாஸ்வேர்டு கூடக் கேட்காமல் திறக்கும். நாஸ் போய்விட்டது, 28,000 ரூபாய்க்குப் புதுசு போடலாம் என்கிறார் கடைச் சேட்டன். – முதலமடை

பதில்: ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பழைய லேப்டாப்பில் திறக்கிற நாஸ் எப்படிக் கெட்டுப்போகும்? பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தது கெஸ்ட் அனுமதியில், அதாவது பெயரும் பாஸ்வேர்டும் இல்லாமல் யாரும் விருந்தாளியாக நுழையும் வழியில். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, ப்ரோவில் அந்தக் கெஸ்ட் நுழைவை ஏற்பதில்லை. நாஸில் உங்கள் பெயரில் பாஸ்வேர்டுடன் ஒரு கணக்கு உருவாக்கி, அதில் நுழையுங்கள். அப்படியும் முரண்டு பிடித்தால் விண்டோஸ் பழைய பெயரை நினைவில் வைத்திருக்கிறது என்று அர்த்தம், ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒரே நாஸுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக அது விடாது. விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் நாஸின் பெயரில் இருப்பதை அழித்து, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.

கம்ப்யூட்டரும் நாஸும் பைல்களைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர், அதன் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐ ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வான்னாக்ரை பரவியது அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். நாஸ் செட்டிங்கில் எஸ்எம்பி 2, எஸ்எம்பி 3 இரண்டும் ஆனில் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டுக்காரர் ஷார்ஜாவில். அவர் போட்டோ பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டிருக்கிறோம். அட்மின் பாஸ்வேர்டைத்தான் கொடுத்திருக்கிறேன். பிரச்சினை வருமா? – வேலந்தாவளம்

பதில்: வரும். போர்ட் திறந்தால் இணையத்தில் இருக்கும் யாரும் நாஸின் வாசல் வரை வரலாம், இன்றைக்கே மூடுங்கள். 2021இல் க்யூலாக்கர், 2022இல் டெட்போல்ட் என்று, பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இரண்டு ரான்சம்வேர், இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்த க்யூநாப் கம்பெனி நாஸ்களைத் தேடிப் பிடித்துப் பூட்டின. 2021 ஜூனில் டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) கம்பெனியின் மை புக் லைவ் பெட்டிகள் வெளியிலிருந்தே ஃபேக்டரி ரீசெட் செய்யப்பட்டு, பலருடைய பல வருஷத்து போட்டோக்கள் ஒரே இரவில் போயின. அந்தப் பெட்டிகளுக்குக் கடைசி அப்டேட் வந்தது 2015இல். அப்டேட் நின்றுபோன பெட்டி வீட்டுக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும், செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள்.

அவருக்குத் தனிக் கணக்கு, போட்டோ ஃபோல்டரில் மட்டும் ரீட் ஒன்லி, போனுக்கு கோட் வரும் இரண்டடுக்கு லாகின். வெளியிலிருந்து வர, கம்பெனியே தன் சர்வர் வழியாக இணைத்துத் தரும் ரிலே வசதி போதும், சினாலஜியில் அதன் பெயர் குயிக்கனெக்ட், போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. கணவர் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, அவர் போன் தொலைந்தால் அட்மின் பாஸ்வேர்டும் சேர்ந்து தொலையும்.

கேள்வி: ரெய்டு 1 போட்டிருக்கிறோம். குழந்தை அழித்த போட்டோ இரண்டாவது டிஸ்க்கில் இருக்குமா? – கொல்லங்கோடு

பதில்: இருக்காது. ரெய்டு 1 என்பது இரண்டு டிஸ்க்கையும் எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும் முறை, அதனால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். ஃபோல்டருக்கு ரீசைக்கிள் பின் ஆனில் இருந்தால் அங்கே தேடுங்கள். இனிமேல் அந்த பின்னை அட்மின் மட்டும் திறக்கும்படி வையுங்கள், குழந்தை கணக்கில் ரீட் ஒன்லி போதும், வாரம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள்.

கேள்வி: நாஸுக்கு 4 டிபி டிஸ்க் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? – பாலக்காடு

பதில்: டிஸ்க்கில் தகவலை எழுதும் முறை சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு, சிஎம்ஆர் என்று எழுதியிருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க் தொடர்ந்து எழுதும்போது மந்தமாகும், ரெய்டைத் திரும்பக் கட்டும்போது படுத்தி எடுக்கும். நாஸுக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே வந்தது, வாங்கியவர்களிடம் சொல்லவே இல்லை.

இன்னொன்று, மாட்டியதும், டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் தகவலில் 'பவர் ஆன் ஹவர்ஸ்', அதாவது இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். எனக்குப் புதுசு என்று சீல் ஒட்டிய கவரில் வந்த டிஸ்க் ஏற்கெனவே வருஷக் கணக்கில் ஓடியது. "விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று பில்லில் அடித்திருந்தார்கள். அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று பிரிவு 2(47) சொல்கிறது. நான் அதைக் காட்டிய பிறகுதான் பணம் திரும்பி வந்தது.

கேள்வி: அட்மின் நான்தான். மனைவியின் ஃபோல்டரை நான் பார்க்க முடியுமா? – பெயர், ஊர் வேண்டாம்

பதில்: முடியும், அட்மின் தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இந்த விஷயம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி 1,499 ரூபாய். வாங்கிவிட்டேன். பில் வரவில்லை. கம்ப்யூட்டரிலும் 16 டிபி என்றுதான் காட்டுகிறது, ஆனால் போட்ட வீடியோ எதுவும் ஓடவில்லை. – வாளையார்

பதில்: அந்த விலைக்கு 16 டிபி கிடைக்காது, வாங்கும் முன் வேறு இரண்டு கடையில் விலை பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய அளவு காட்டும்படி மாற்றியிருப்பார்கள். இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும், அதனால்தான் வீடியோ ஓடவில்லை. அதில் வேறு எதையும் போடாதீர்கள், காப்பி செய்த ஒரிஜினல்களை போனிலிருந்து அழிக்காதீர்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, உண்மை அளவைக் காட்டும் திரையைப் படம் எடுத்து, ஆர்டர் பக்கத்தோடு அந்த இணையக் கடையின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. தீர்க்காவிட்டால் 1915.