தேவன் நீதியுள்ளவர் என்றால், எனக்குத் துரோகம் செய்தவர் மட்டும் எப்படி நன்றாக வாழ்கிறார்?

யார், என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. உடன்பிறந்தவராகவோ சபையில் உடனிருப்பவராகவோதான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்; அந்நியர் செய்த அநியாயத்துக்கு நாம் காவல் நிலையத்தைத் தேடுவோமே தவிர வேதத்தைப் புரட்டுவதில்லை. நான் இறையியல் படித்தவன் அல்லன், கணக்கு எழுதிப் பிழைத்தவன். இந்தத் தளத்தில் எழுதும் போதகர்கள் என்னைத் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். ஆனாலும் உங்கள் கேள்வியோடு பதினொரு ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இப்படிக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், எரேமியா 12:1-ஐ வாசித்துக் காட்டுங்கள். "துரோகஞ்செய்துவருகிற அனைவரும் சுகித்திருக்கிறதென்ன?" என்று தீர்க்கதரிசியே கேட்கிறார், அதுவும் 'தேவரீர் நீதியுள்ளவராமே' என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில். உங்கள் சொல்லும் அவர் சொல்லும் ஒன்றாக இருக்கின்றன.

நான் எங்கள் சபையின் பொருளாளராக இருந்தபோது கட்டட நிதியில் ஒரு தொகை குறைந்தது. ரசீதுப் புத்தகம் ஒன்றில் அடிக்கட்டைகள் இரண்டு கிழிக்கப்பட்டிருந்தன. அந்தப் புத்தகம் யாரிடம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அவர் மூப்பர், எல்லாருக்கும் வேண்டியவர், கேட்கிறவர் கண் கலங்கும்படி ஜெபிக்கக்கூடியவர். கமிட்டி கூடியது. 'பொருளாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்பு' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, என்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. திருடன் என்று எழுதியிருந்தால் வழக்காவது தொடுத்திருப்பேன். கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டை எந்தக் கணக்கனால் முழுவதுமாக மறுக்க முடியும்?

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார் பிரதர்" என்று எல்லாரும் சொன்னார்கள். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்ற ரோமர் 12:19-ஐ எனக்கு மனப்பாடமே செய்து கொடுத்தார்கள். நானும் தலையாட்டினேன். உண்மையில் அந்த வசனத்தைத் தேதி போடாத காசோலையைப் போலப் பத்திரப்படுத்திக்கொண்டு, எப்போது பணமாகும் என்று காத்திருந்தேன். மூன்றாம் ஆண்டு அந்த மூப்பருக்குப் பக்கவாதம் வந்தது. செய்தி கேட்ட இரவு முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். எழுதவே கூசுகிறது; ஆனால் இதை மறைத்துவிட்டு எழுதும் பதில் உங்களுக்கு எதற்கு?

அடுத்த எட்டாம் மாதம் என் மனைவி படுத்த படுக்கையானாள். அவள் மீண்டு எழ இரண்டு ஆண்டுகள் ஆயின. அவள் யாருடைய அடிக்கட்டையைக் கிழித்தாள்? பார்க்க வந்த ஒருவர், மறைவான பாவம் ஏதும் உண்டா என்று உங்களை ஆராய்ந்து பாருங்கள் என்று அன்பாகவே சொன்னார். மூப்பரின் வீட்டிலும் அந்நேரம் எங்களைப் பற்றி யாராவது நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய கணத்திலேயே நான் மூன்றாண்டுகளாகப் போட்டுவந்த கணக்கு முழுவதும் குலைந்தது.

சீலோவாமின் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே சொல்லி, கேட்டுக்கொண்டிருந்தவர்களின் மனந்திரும்புதலுக்குப் பேச்சைத் திருப்புகிறார் (லூக்கா 13). குற்றமில்லாமலே எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் எவ்வளவு சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். துன்பம் பற்று, பாவம் வரவு. இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன. கடைசி அதிகாரத்தில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் மூளுகிறது. அத்தனை அதிகாரங்களிலும் தேவனோடு வழக்காடிய யோபுதான் அவரைக் குறித்து நிதானமாக, அதாவது சரியாக, பேசினான் என்று தீர்ப்பாகிறது.

பிறகு, நீதி என்ற சொல்லையே தேடிப் போனேன். "நீதியும் நியாயமும் உம்முடைய சிங்காசனத்தின் ஆதாரம்" என்று 89-ஆம் சங்கீதம் சொல்லும் இடத்தில் எபிரெயத்தில் செதெக், மிஷ்பாத் என்ற இரு சொற்கள் நிற்கின்றன. மிஷ்பாத் வழக்குமன்றத் தீர்ப்பைக் குறிக்கும். ஆனால் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் சேர வேண்டியது சேர்வதும் அதே மிஷ்பாத்தான். செதெக்கோடு வேர் ஒன்றான செதாக்கா என்ற சொல்லைப் பிற்கால யூதர்கள் ஏழைகளுக்குக் கொடுப்பதற்கே பெயராக வைத்துக்கொண்டார்கள். நான் காத்திருந்த நீதியில் அடி மட்டுமே இருந்தது, கோணலானதை நிமிர்த்தும் வேலை எதுவும் இருக்கவில்லை.

ரோமர் 1:17-இல் வரும் தேவநீதி என்ற சொல்லைத் தாம் வெறுத்ததாக, கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1545-இல் தம் லத்தீன் நூல்களின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பாவியைத் தண்டிக்கும் நீதி என்று மட்டும் அவர் அதைப் படித்திருந்தார். விசுவாசத்தால் பெறும் கொடையாகப் படித்த பிறகே அது அவருக்கு நற்செய்தியானது. (கத்தோலிக்க நண்பர்கள் கோபிக்க வேண்டாம், பாவியைத் தேவன் நீதிமானாக்குவதைப் பற்றி உங்கள் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999-இல் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது எனக்குத் தெரியும்.) எனக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். எனக்கு வேண்டியபோது கொடையாகவும், மூப்பருக்கு வேண்டியபோது தண்டனையாகவும் அதே நீதியைப் படித்துவந்தேன். தாம் நீதியுள்ளவராகவும், விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் விளங்கத் தேவன் சிலுவையைத் தேர்ந்தார் என்கிறது ரோமர் 3:26. விசுவாசிக்கிறவன் என்ற அந்த ஒருமைச் சொல்லுக்குள் அந்த மூப்பரும் அடங்கலாம் என்பதை என் மனம் இன்றைக்கும் முழுதாக விழுங்கவில்லை.

இங்கேதான் சிலர் குறுக்கிடுவார்கள் என்று தெரியும். சிலுவையில் எல்லாம் தீர்ந்ததே, பழைய ரசீதுப் புத்தகத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்பார்கள். என் மனக்குறையெல்லாம் இவர்கள்மேல்தான், மூப்பர்மேல்கூட இவ்வளவு இல்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது என்னிடம் சொல்லப்பட்டபோது ஆறுதல். கமிட்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது கடமையிலிருந்து நழுவும் வழி. அபகரித்தவன் பாவத்தை அறிக்கையிடுவதோடு நிற்காமல் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது எண்ணாகமம் 5. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நாலு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்றபோது, பரவாயில்லை வைத்துக்கொள் என்று இயேசு சொல்லவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார். கிருபை வந்த வீட்டில் கணக்கு நேராகிறது என்றுதான் ஒரு கணக்கனாக நான் அதைப் படிக்கிறேன்.

எனவே உங்களுக்குத் துரோகம் செய்தவர் விழுவதற்காகக் காத்திருக்காதீர்கள். அவர் விழுந்தாலும் உங்களுக்குச் சேர வேண்டியது அதனால் வந்து சேராது. கேட்பதையும் நிறுத்தாதீர்கள். லூக்கா 18-இல் இயேசு சொன்ன உவமையில் வரும் விதவை, எதிராளிக்கு என்ன ஆக வேண்டும் என்று ஒரு வார்த்தையும் விவரிக்கவில்லை, "எனக்கு நியாயஞ்செய்யவேண்டும்" என்று மட்டும் அலுக்காமல் நியாயாதிபதியிடம் போய் நின்றாள்.

மூப்பர் இப்போது கைத்தடி ஊன்றி ஆராதனைக்கு வருகிறார். போன ஆண்டிலிருந்து நான் அவரை நலம் விசாரிக்கிறேன். சில வாரங்களில் அது உண்மையான விசாரிப்பாகவும் இருக்கிறது. கமிட்டிக்கு எழுதும் கடிதங்களில் அவர் பெயரைக் குறிப்பிடுவதில்லை, தீர்மானப் புத்தகத்தில் உள்ள அந்த ஒரு வரியைத் திருத்துங்கள் என்று மட்டும் கேட்கிறேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதை இந்த மாதம் அனுப்பியிருக்கிறேன்.