நீதிபோதனை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் "யெஸ்" சொன்னால்

சிஸ்டர், தான்சானியாவில் நீங்கள் எடுக்கும் நீதிபோதனையில் அடுத்த வகுப்பையே ஆங்கிலத்தை விட்டு, அங்குள்ள பொதுமொழியான சுவாஹிலியில் நடத்துங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் கோரஸாக "யெஸ்" என்கிறார்கள், மனதில் எதுவும் பதியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது அடம் இல்லை, பெரும்பாலும் மொழிதான். தான்சானியாவின் பெரும்பாலான அரசு ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு சுவாஹிலியில். ஆங்கிலவழி இடைநிலைப் பள்ளியில்தான் வருகிறது.

சோதித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன நல்ல சமாரியன் கதையை (வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு வேற்றினத்தான் ஒருவன் உதவிய பைபிள் கதை) முடித்ததும் கேள்வி கேட்காமல், ஒரு பிள்ளையை எழுப்பி, பக்கத்தில் இருப்பவனுக்கு சுவாஹிலியில் சொல்லச் சொல்லுங்கள். அடிபட்டுக் கிடந்தவனைத் தாண்டிப் போனது யார் என்பதிலேயே தடுமாறினால் காரணம் தெரிந்துவிடும்.

உங்கள் சுவாஹிலி போதவில்லையா? உள்ளூர் ஆசிரியர் கதை சொல்லட்டும், நீங்கள் கூடவே நில்லுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பழமொழி கேட்டு வரச் சொல்லுங்கள். "ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா" (அவசரத்தில் ஆசி இல்லை) என்று ஒருவன் வந்து சொன்னால், பொறுமைப் பாடத்தை அங்கேயே தொடங்கிவிடலாம்.

ஒன்று மட்டும் கவனம்: பொது வகுப்பென்றால் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கலாம். அங்கே பைபிள் கதை சொல்லலாமா என்று தலைமையாசிரியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.